உளவியல் ஆலோசகரிடம் போனால் என்னதான் செய்வார்? நண்பரிடம் மனம்விட்டுப் பேசினால் போதாதா?

யாரோ உங்களைப் போகச் சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. அப்படித்தானே? நானும் எட்டு மாதம் இழுத்தடித்தவன்தான்.

2021இல் அப்பா மாரடைப்பில் போனார். முந்தின இரவு 10.40க்கு எனக்கு போன் அடித்திருந்தார். மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சைலன்டில் போட்டுவிட்டேன். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மிஸ்டு காலைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் ராத்திரி 10.40 ஆனால் விழிப்புத் தட்டிவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது.

நண்பர்களிடம் பேசாமல் இல்லை. நான் கண் கலங்கினாலே அவர்கள் பதறிப்போய், "விடுடா, நல்ல சாவு" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பாசம்தான்.

கடைசியில் ஒரு பெண் ஆலோசகரிடம் போனேன். முதல் இரண்டு தடவை அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். 'இதற்கா 1,200 ரூபாய்' என்று எரிச்சலாக வந்தது. மூன்றாவது தடவை மிஸ்டு காலைச் சொன்னேன். "உங்க தப்பில்லை" என்பார் என்று எதிர்பார்த்தேன். நோட்டில் கோடு போடச் சொன்னார்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், அதற்கு என்ன ஆதாரம். 'நான்தான் அப்பாவைச் சாகவிட்டேன்' என்று எழுதி 95 போட்டேன். ஆதாரம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்ததுன்னு அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார். கேட்டதே இல்லை.

கேட்டேன். "காஸ் சிலிண்டர் ஓடிபி உன் நம்பருக்கு வந்துச்சான்னு கேக்கத்தான் அடிச்சார். அப்புறம் ஒரு வாழைப்பழம் சாப்ட்டுட்டுப் படுத்துட்டார்" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் 95 நாற்பதானது. பூஜ்யம் ஆகவில்லை, ஆக்கவும் ஆலோசகர் முயலவில்லை. "வருத்தம் இருக்கட்டும் சார், பழியை மட்டும் பார்ப்போம்" என்றார். இப்படி எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் பேச்சு சிகிச்சைக்கு சிபிடி என்று பெயர், 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய முறை என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

உடனே 'மாத்திரை வேண்டாம் என்கிறான்' என்று சண்டைக்கு வராதீர்கள். மாத்திரை எழுத வேண்டியவர் மனநல மருத்துவர். என் சித்தப்பா மாத்திரையால்தான் எழுந்து நடமாடுகிறார்.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன், ஆனாலும் வயிற்றெரிச்சல். உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. என் காப்பீட்டுக் கம்பெனியோ ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்று கைவிரித்துவிட்டது. படுக்காமல் இருக்கத்தானே போனேன்? பதினொரு தடவைக் காசும் கைக்காசுதான்.

காசுதான் உங்களுக்கும் தடை என்றால் முதலில் 14416க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.