2000டி பெரிதா, 1500டி பெரிதா?

கேள்வி: வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள் மாதிரி சின்ன விசேஷங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கலாம் என்று முதல் கேமரா வாங்கப் போகிறேன். கேனான் 1500டி என்று முடிவு செய்து கடைக்குப் போனால், "அது பழசு சார், 2000டி வந்திருக்கு, 4,500 ரூபாய்தான் கூட" என்கிறார் கடைக்காரர். அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன், அங்கே இந்த இரண்டு பேருமே இல்லை, ரெபல் டி7 என்று ஒன்றுதான் இருக்கிறது, அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது வாங்கி வரட்டுமா என்கிறார். மூன்றில் எது மேல்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: எதுவும் மேல் இல்லை, எதுவும் கீழ் இல்லை. மூன்றும் ஒரே கேமரா. 2018 தொடக்கத்தில் வந்த ஒரே பாடிக்கு, அதாவது லென்ஸ் சேராத கேமராவுக்கு, ஐரோப்பாவில் 2000டி என்று பெயர், அமெரிக்காவில் ரெபல் டி7, இந்தியாவில் 1500டி. ஜப்பானில் அதற்கு கிஸ் எக்ஸ்90 என்று பெயர். உள்ளே படத்தைப் பதிவு செய்யும் 24.1 மெகாபிக்சல் சென்சாரும், ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளும், எல்பி-இ10 பேட்டரியும் எல்லாவற்றிலும் அதேதான். அந்த 4,500 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் சொல்லியிருப்பார் என்று நான் நம்பத் தயாராக இல்லை. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய பெட்டி எப்படியோ சுற்றி இங்கே வந்திருக்கிறது. அதை இந்தியப் பெட்டியின் விலைக்கு விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் கம்பெனி வாரண்டி இங்கே செல்லாது. அதனால் குறைந்த விலைக்குத்தான் தள்ள வேண்டும். ஆனால் பெட்டியில் பெரிய எண் அச்சாகியிருக்கிறதே! குறையை நிறையாக்க அது போதும். வாரண்டி இல்லாத சரக்கைக் கூடுதல் விலைக்கு விற்க கம்பெனியே எடுத்துக்கொடுத்த ஆயுதம் அந்த எண்.

இதில் எனக்குக் கம்பெனி மேல்தான் முதல் கோபம். இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1993-ல் ஃபிலிம் காலத்திலேயே ஒரே கேமராவை ஜப்பானில் கிஸ், ஐரோப்பாவில் ஈஓஎஸ் 500, அமெரிக்காவில் ரெபல் எக்ஸ்எஸ் என்று விற்றார்கள். பிறகு 2008-ல் 1000டி என்ற டிஜிட்டல் கேமராவுக்கு அமெரிக்காவில் மறுபடியும் அதே ரெபல் எக்ஸ்எஸ் பெயர்! ஊருக்கு ஊர் தனித்தனி விற்பனைப் பிரிவு, தனித்தனி விலை. ஒரு ஊர்ச் சரக்கு இன்னொரு ஊருக்குப் போனால் பெயரை வைத்தே தெரிந்துவிட வேண்டும். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரியாக இருக்கலாம். திண்டுக்கல்லில் சேமிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு அதில் என்ன லாபம்?

சரி, எண்ணுக்கு அர்த்தமே இல்லையா? கொஞ்சம் உண்டு. கேனானின் பழைய வகைக் கேமராக்களில், அதாவது டிஎஸ்எல்ஆரில், இலக்கம் குறையக் குறையத் தரம் கூடும். 5டி தொழில்காரர்களுடையது, 80டி நடுத்தரம், 800டி அதற்குக் கீழே, நான்கு இலக்கம் என்றால் ஆரம்பப் படி. ஒரே குடும்பத்துக்குள் மட்டும் எண் ஏற ஏறப் புதிது: 1100டி, 1200டி, 1300டி, 1500டி. நடுவில் 1400டி கிடையாது. ஜப்பானியர்களுக்கு நான்கு ராசியில்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள். அப்படியானால் 4000டி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

அந்த 4000டி-தான் அடுத்த பள்ளம். இந்தியப் பெயர் 3000டி. நீங்கள் 2000டி வேண்டாம் என்றால் "அப்போ 3000டி பாருங்க சார்" என்று அடுத்த பெட்டி வரும். எண்ணைப் பார்த்தால் 1500-ஐப் போல இரண்டு மடங்கு. கேமராவைப் பார்த்தால் 18 மெகாபிக்சல், கையகலம்கூட இல்லாத 2.7 அங்குலத் திரை, லென்ஸ் மாட்டும் வளையம் உலோகத்துக்குப் பதிலாக பிளாஸ்டிக். ஆன்-ஆஃப் பொத்தானைக்கூடத் தனியாக வைக்காமல் மேலே இருக்கும் சக்கரத்தோடு சேர்த்துவிட்டார்கள். 1500டி-யை விடக் குறைந்த விலைக்கு வந்த, அதைவிடக் கீழான மாடல் அது. ஒரு பையன் பெருமையாக 4000டி-யைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். 1500டி-யின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்திருந்தான். எந்தக் கடை என்று கேட்டேன், சொன்னான். திரும்பிப் போய்க் கேட்டபோது "நாங்க பொய் சொல்லலையே, நம்பர் பெரிசுன்னுதானே சொன்னோம்" என்றார்களாம்.

இப்போது அத்தை மகன் விஷயம். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது டி7 என்பதற்கும் டி7ஐ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கடைசியில் ஒரே ஓர் எழுத்து. ஆனால் டி7ஐ என்பது நம்மூர் 800டி. 45 ஃபோகஸ் புள்ளிகள், விரலால் தொட்டு இயக்கும் மடக்குத் திரை, வீடியோவில் முகத்தைப் பின்தொடரும் ஃபோகஸ் என்று அது வேறு படி. பழைய கேமரா விற்பவர்கள் டி7-ஐ டி7ஐ விலைக்குத் தள்ளுவதற்கு இந்த ஓர் எழுத்து போதும். (அமெரிக்கப் பெயரில் டி முன்னால் வரும், நம் பெயரில் பின்னால் வரும், அது தேநீர் டீயின் டி, இது டிஜிட்டலின் டி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் தலைவிதி.)

அவர் கேட்டபடி டி7-ஐயே வாங்கி வந்தால் படத்தின் தரத்தில் நஷ்டம் எதுவும் இல்லை. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பிளக் மாற்றி ஒன்று போதும். வீடியோ எடுப்பதாக இருந்தால் மெனுவில் என்டிஎஸ்சி என்று இருப்பதை பிஏஎல் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும். ஆனால் முதல் கேமரா, தொழிலுக்கு, வாரண்டி இல்லாமல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதோடு அமெரிக்காவில் டி7-ஐ இரண்டு லென்ஸ் சேர்த்த பெட்டியாக விற்கும்போது பெரும்பாலும் தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் 75-300 லென்ஸைத்தான் வைக்கிறார்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் அதில் கிடையாது. இங்கே இரட்டை லென்ஸ் பெட்டியில் வரும் 55-250-ல் அது உண்டு. 300 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

லென்ஸ் என்று வந்ததால் இன்னொன்று. கேமராவோடு வரும் சின்ன லென்ஸ் 18-55. அதில் "ஐஎஸ் 2" என்று ஒன்று, வெறும் "3" என்று ஒன்று. பெட்டியில் ரோமன் எண்ணில் கோடுகளாகப் போட்டிருப்பார்கள். மூன்று கோடு இருந்தால் புதிது, நல்லது என்றுதானே நினைப்பீர்கள்? மூன்று கோடு போட்டதில் ஐஎஸ் இல்லை! ஐரோப்பாவில் 2000டி இரண்டு விதமான லென்ஸோடும் விற்பனையானது. உங்கள் கடைக்காரர் காட்டிய பெட்டியில் எது இருக்கிறதோ யார் கண்டது. லென்ஸின் முன் வளையத்தில் ஐஎஸ் என்ற எழுத்து இருக்க வேண்டும். பக்கத்தில் அதை ஆன்-ஆஃப் செய்யும் சின்ன சுவிட்ச் இருக்க வேண்டும். இருந்தால் வாங்குங்கள்.

விசேஷங்களுக்கு என்று எழுதியிருப்பதால், நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கேமராவின் தலையில் வெளி ஃப்ளாஷ் மாட்டும் இடம் இருக்கிறதே, ஹாட் ஷூ, அதன் நடுவில் பெரிதாக ஒரு உலோகப் புள்ளி இருக்கும். எந்தக் கம்பெனி ஃப்ளாஷாக இருந்தாலும் "இப்போது அடி" என்ற செய்தி அந்த நடுப் புள்ளி வழியாகத்தான் போகும். பல பத்தாண்டுகளாக எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. 1300டி-யில் அந்தப் புள்ளி இருந்தது. 1500டி-யிலும் 3000டி-யிலும் கேனான் அதை எடுத்துவிட்டது. பிறகு வந்த 200டி மார்க் 2-லும் இல்லை. சுற்றி இருக்கும் சின்னப் புள்ளிகள் மட்டும்தான். கேனான் ஃப்ளாஷ் அந்தச் சின்னப் புள்ளிகள் வழியாகப் பேசிக்கொள்ளும், கேனானுக்கென்றே வேறு கம்பெனிகள் செய்யும் டிடிஎல் ஃப்ளாஷ்களிலும் (எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கேமராவே அளந்து சொல்லும் வகை) பல வேலை செய்யும். ஆனால் மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கும் எல்லாக் கேமராவுக்கும் பொதுவான மேனுவல் ஃப்ளாஷும், தள்ளி வைத்த ஃப்ளாஷை எரிய வைக்கும் ட்ரிக்கரும் 1500டி-யில் மாட்டும், ஆனால் எரியாது. ஃப்ளாஷ் பழுது என்று நினைத்து இரண்டாவது வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். புது மாடல், கூடுதல் மெகாபிக்சல், பெரிய எண். பழைய 1300டி-யில் எரிந்த ஃப்ளாஷ் இதில் எரியாது. 2000டி-க்கு மாறினாலும், அமெரிக்காவிலிருந்து டி7 வரவழைத்தாலும் கதை அதேதான், பெயர் மாறியதே தவிர குறை மாறவில்லை. ஏற்கெனவே மேனுவல் ஃப்ளாஷ் வைத்திருந்தால் ஒரு வழி உண்டு: அதைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தி எஸ்2 என்ற நிலையில் வையுங்கள். கேமராவின் சொந்த ஃப்ளாஷ் மின்னும்போது அதைப் பார்த்து இதுவும் மின்னும். மண்டபத்தில் இன்னொரு போட்டோகிராஃபர் ஃப்ளாஷ் அடித்தாலும் சேர்ந்து மின்னும் என்பது வேறு விஷயம்.

மற்றக் கம்பெனிகள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. சோனியில் 6500 வந்த பிறகுதான் 6400 வந்தது. ஃபூஜியில் எக்ஸ்-டி2, எக்ஸ்-டி20, எக்ஸ்-டி200 என்று பூஜ்யம் சேரச் சேரப் படி இறங்கும். நிக்கானில் டி5 அதன் காலத்தில் உச்சம், டி5600 ஆரம்பக்காரர்களுக்கு. பானசோனிக் ஒரே கேமராவை ஜி80, ஜி81, ஜி85 என்று மூன்று எண்ணில் விற்றது, ஜெர்மனிக்கென்று தனி எண். கேனானே புது வகையில் ஆர்7-ல் சின்ன சென்சாரும் ஆர்8-ல் பெரிய சென்சாரும் வைத்திருக்கிறது. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், நீங்கள் வாங்கப் போவது ஒரே ஒரு கேமரா.

கடையில் செய்ய வேண்டியது இதுதான். பெட்டியைத் திறப்பதற்கு முன் வெளியே ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். இறக்குமதியான எந்தப் பெட்டியிலும் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம்-வருடம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அதில் கேனானின் இந்திய நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டாலோ, ஸ்டிக்கரே இல்லாவிட்டாலோ பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "கடை வாரண்டி ஒரு வருஷம் நாங்க தர்றோம்" என்பார்கள். அந்தக் கடை ஒரு வருடம் இருக்குமா என்பதற்கு யார் வாரண்டி? பிறகு பாடியின் அடியில் டிஎஸ்126 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்றாலும் ஒரே கேமராவுக்கு அந்த எண் ஒன்றுதான். கடைக்காரர் "இது வேற மாடல் சார்" என்று சத்தியம் செய்தால், 1500டி-யையும் அவர் காட்டுவதையும் பக்கத்தில் வைத்துக் கவிழ்த்துப் பார்த்தால் போதும், அவரே பேச்சை மாற்றுவார். ஒரு படம் எடுத்து, கார்டு ரீடர் வழியாகப் படத்தைப் போனில் போட்டு, படத்தின் விவரங்களைத் திறந்தால் கேமரா தன் பெயரைத் தானே எழுதியிருக்கும். அங்கே 2000டி என்றோ ரெபல் என்றோ வந்தால் அது இந்தியாவுக்கு வந்த சரக்கு இல்லை.

பில்லில் மாடல் பெயரும் பாடியின் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். பை, ஸ்டாண்டு, லென்ஸில் திருகி மாட்டும் "வைட் கண்ணாடி" எல்லாம் இலவசம் என்று அடுக்கினால் அவற்றை வைத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடியை ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு மறுபடி யாரும் தொடுவதில்லை.

ஆக, ஐஎஸ் உள்ள 18-55-ஓடு இந்தியப் பெட்டி 1500டி. மிச்சமான பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, கேனானுக்கு ஒத்துவரும் டிடிஎல் ஃப்ளாஷ் ஒன்று. அதைக் கடையிலேயே கேமராவில் மாட்டி, எரிகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். அத்தை மகன் ஆசையாகக் கேட்டிருக்கிறார், வெறும் கையோடு வரச் சொல்ல வேண்டாம். நல்ல கம்பெனி 64 ஜிபி எஸ்டி கார்டு இரண்டு வாங்கி வரட்டும்.