தம்பி வீட்டுக்கு ஜப்தி நோட்டீஸ்: உதவுங்கள், பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது, மாதச் சம்பளம் 38,000. வீட்டுக் கடனில் பாக்கி 18 லட்சம், மாதத் தவணை 19,500. ஐந்து மாதமாகக் கட்டவில்லை. வங்கியிலிருந்து ‘60 நாளில் முழுத் தொகையையும் கட்டு’ என்று நோட்டீஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு, போனுக்கு இ.எம்.ஐ. என்று மாதம் இன்னொரு 14,000 போகிறது. முன்பு இரண்டு முறை பணம் கொடுத்தேன். எங்கே போனதென்றே தெரியவில்லை. இப்போது என்னால் ஒன்றேகால் லட்சம் புரட்ட முடியும். கொடுக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கொடுக்கலாம், ஆனால் தம்பியின் கையில் அல்ல, அவருடைய சேமிப்புக் கணக்கிலும் போடாதீர்கள். பெர்சனல் லோன், கார்டு, போன் தவணைகள் அந்தக் கணக்கில்தான் ஆட்டோ டெபிட்டில் பிடிக்கப்படும். நீங்கள் வீட்டுக்கென்று போட்ட பணத்தை அவைதான் முதலில் விழுங்கும். முந்தைய இரண்டு முறையும் அப்படித்தான் கரைந்திருக்கும். வீட்டுக் கடன் கணக்கு எண்ணைக் கிளையில் எழுதி வாங்கி, உங்கள் கணக்கிலிருந்து நேராக அந்தக் கணக்குக்கே நெஃப்டில் அனுப்புங்கள்.

அனுப்பும் முன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், இன்றைய தேதிக்கு மொத்த நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்து தவணைக்கு 97,500. அதன் மேல் அபராதக் கட்டணம், நோட்டீஸ் செலவு, வக்கீல் கட்டணம் என்று ஏறியிருக்கும். இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையாக நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடுகிறது. அப்படி ஆன பிறகு ஒன்றிரண்டு தவணை கட்டினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அசல், வட்டி நிலுவை முழுவதும் கட்டினால்தான் ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்கு சீராகும். ‘இந்த மாசம் ஐம்பதாயிரம், அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று கட்டினால் உங்கள் பணமும் போகும், நோட்டீஸும் நிற்காது. உங்கள் ஒன்றேகால் லட்சம் முழு நிலுவைக்கும் போதுமானால் ஒரே தடவையில் கட்டிவிட்டு, நடவடிக்கையைக் கைவிடுவதாக வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். கிளை மேலாளரின் வாய்வார்த்தையை நம்பி வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

வந்திருப்பது சர்ஃபேசி சட்டம், 2002-இன் (அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) 13(2) பிரிவு நோட்டீஸ். அதற்குத் தம்பி எழுத்தில் பதில் கொடுத்தால், ஏற்காவிட்டாலும் ஏன் ஏற்கவில்லை என்பதை 15 நாளில் வங்கி சொல்லியாக வேண்டும். பலர் இந்தப் பதிலே கொடுப்பதில்லை. நோட்டீஸை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டால் நாள் நின்றுவிடும் என்று நினைப்பு! 60 நாள் முடிந்தால் 13(4)-இன்படி வங்கி சொத்தைத் தன் வசம் எடுத்ததாகக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரமும் கொடுக்கும். அப்போதே யாரையும் வெளியேற்றிவிட மாட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் காலி செய்ய மறுத்தால் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். 13(4) நடவடிக்கையை எதிர்ப்பதென்றால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம்தான் போக வேண்டும். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ‘சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் விஷயங்களில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. ஏல அறிவிப்பு வெளியாகும்வரை முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு அந்த அறிவிப்போடு உரிமை போய்விடுகிறது. ‘ஏலத்துக்கு முதல் நாள் கட்டிக்கொள்ளலாம்’ என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

இனி கசப்பான பகுதி. 38,000 சம்பளத்தில் 19,500 போனால் மிச்சம் 18,500. மற்ற தவணைகளுக்கு 14,000 போக, கையில் நிற்பது 4,500. இதில் ஒரு குடும்பம் சாப்பிட முடியாது. அதனால் நீங்கள் இன்று நிலுவையைக் கட்டினாலும் நான்காவது மாதம் திரும்ப இதே இடம்தான். தம்பியின் பொறுப்பின்மை ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே உதைக்கிறது. ஆகவே பணம் கட்டும் அதே நாளில் தவணைக் காலத்தை நீட்டிக்க மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். 9 சதவீத வட்டியில் 18 லட்சத்தை 20 வருடத்துக்கு நீட்டினால் தவணை ஏறக்குறைய 16,200 ஆகும். மொத்த வட்டி கூடும், ஆனாலும் மாதம் 3,300 மிச்சம். வங்கி ஒப்புக்கொள்ளும் என்று உறுதி கிடையாது. ஓய்வு வயதைப் பார்ப்பார்கள். கார்டு, பெர்சனல் லோன்காரர்கள் போனில் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர்களுக்கு வீடு அடமானத்தில் இல்லை. அவர்கள் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் சொத்தின் பக்கம் வர முடியும். எனவே வீட்டுத் தவணை முதலில், சத்தம் போடுகிறவர்கள் பிறகு. பெரும்பாலும் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்பதையும் தம்பிக்குச் சொல்லிவையுங்கள்.

இதற்கும் கணக்கு ஒத்துவராவிட்டால், ஏல அறிவிப்புக்கு முன்பே வீட்டை விற்பதுதான் தம்பிக்கு நல்லது. வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, வாங்குபவர் கடன் தொகையை நேரே வங்கியில் கட்டி, மீதியைத் தம்பிக்குக் கொடுப்பது போல் ஏற்பாடு செய்யலாம். ஏலத்தில் போகும் விலையை விட இது பெரும்பாலும் கூடுதலாக வரும். நோட்டீஸ் வந்த பிறகு வங்கி ஒப்புதல் இல்லாமல் விற்கவோ லீஸுக்கு விடவோ கூடாது. ‘போக்கியத்துக்கு விட்டு ஐந்து லட்சம் வாங்கிக் கட்டிடுறேன்’ என்று தம்பி கிளம்பினால் உடனே தடுங்கள். குடிவந்தவரின் பணமும் மாட்டி, தம்பி மேல் மோசடிப் புகாரும் வரும்.

நீங்கள் தருவது கடனா, இனாமா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். கடன் என்றால் புரோநோட் எழுதி வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அதை வைத்து வழக்குப் போட முடியாது. 20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது. உண்மையில் திரும்ப வராது என்று தெரிந்தால் இனாமாகவே கொடுத்துவிடுங்கள். அக்காள் தம்பிக்குக் கொடுத்தால் அவருக்கு வரி கிடையாது, தீபாவளிக்குத் தீபாவளி மனஸ்தாபமும் இராது.

கேள்வி: மச்சானின் வீட்டுக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை. ‘விலகிக்கொள்கிறேன்’ என்று கடிதம் கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கடிதம் கொடுக்கலாம், பலன் இராது. கொடுத்து முடிந்த கடனுக்கான ஜாமீனிலிருந்து வங்கி ஒப்பாமல் விலக முடியாது. கடன்காரரை விட்டுவிட்டு உங்களிடமே முதலில் வரவும் வங்கிக்கு உரிமை உண்டு. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நீங்கள் கட்ட நேர்ந்தால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். முழுவதையும் கட்டினால், வங்கிக்கு அந்த வீட்டின் மேல் இருந்த உரிமை உங்களுக்கு வரும்.

கேள்வி: சென்னையில் வாடகைக்கு இருக்கும் மாமா நான்கு மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். (வாசகி, தாம்பரம்)

பதில்: பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமையில்லை, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். அதே சட்டப்படி இரண்டு மாத பாக்கியே காலி செய்யச் சொல்லக் காரணம் ஆகும் என்பதையும் மாமா தெரிந்துகொள்ளட்டும். பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்தால் ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்ட வேண்டும். ‘அட்வான்ஸில் கழிச்சுக்கட்டும்’ என்பது வீட்டுக்காரர் சம்மதித்தால்தான். நீங்கள் உதவுவதானால் வாடகையை வீட்டுக்காரர் கணக்குக்கே அனுப்பி, எந்த மாதத்துக்கானது என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.