முதல் நாள் ராத்திரி சோறு வைக்கலாமா?
நாய், பூனை கருத்தடை: வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர்கள் பதில்கள்

குறைந்த செலவில் கருத்தடை செய்யும் முகாம்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லப்பிராணிகளைக் கொண்டுபோவது பற்றிக் கொங்கு வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பெட்டை நாய்க்கு ஒன்றரை வயது. அடுத்த வாரம் கருத்தடைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். “ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்திருங்க” என்றார்கள். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் தாங்குமா? காலையில் கொஞ்சம் பாலாவது ஊற்றலாமுங்களா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பால் வேண்டாம். பாலும் சாப்பாடுதான், வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாக நிற்கும். மயக்க ஊசி போட்டதும் உணவுக்குழாயின் வாய் தளர்ந்துவிடும், விழுங்கும் உணர்வும் போய்விடும். அந்த நேரத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். உடனே மூச்சு அடைக்கலாம். தப்பினாலும் இரண்டு மூன்று நாளில் நுரையீரலில் சளிக்காய்ச்சல் பிடிக்கும். இங்கே பெரும்பாலும் பயன்படுத்தும் சைலசின் என்ற ஊசிக்கு நாயையும் பூனையையும் வாந்தி எடுக்க வைக்கும் குணமே உண்டு. காலி வயிறாக இருந்தால் நுரையோடு போகும்.

முதல் நாள் இரவு 8 மணிக்குள், வழக்கமாக வைப்பதில் முக்கால் பங்கு சோறு வையுங்கள். எலும்பு, குடல், கொழுப்பு வேண்டாம், செரிக்க நேரமாகும். அதன்பிறகு எதுவும் கூடாது. தண்ணீர் இரவு முழுக்க இருக்கலாம். காலையில் கிளம்பும்போது கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு 10, 12 மணி நேரப் பட்டினி ஒரு பொருட்டே அல்ல.

தோட்டத்து நாய்களிடம் பிரச்சினை வேறு. நீங்கள் சோறு வைக்காவிட்டாலும் அது மாட்டுத் தாழியில் புண்ணாக்குத் தண்ணீர் குடிக்கும், பக்கத்துச் சாளையில் போய்ப் பழைய சோறு தின்னும், எலி பிடிக்கும். அதனால் இரவு கட்டிப்போடுங்கள், அல்லது அறையில் அடையுங்கள். வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். பாவம் பார்த்து ஒரு பிஸ்கட் போடுபவர் எல்லா வீட்டிலும் உண்டு. தப்பித் தின்றுவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு குட்டிகளுக்குப் பொருந்தாது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டி, பூனைக்குட்டிக்கு உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. இரவு முழுக்கப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அவற்றுக்கு அறுவைக்கு நான்கு மணி நேரம் முன்புவரை ஓரிரு கரண்டி மென்மையான உணவு கொடுப்பார்கள். சரியான நேரத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியார் கிளினிக்கில் கேட்கும் தொகைக்கும் முகாமில் கேட்கும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மலிவு என்றால் தரமும் குறைவாக இருக்குமோ?
வாசகர், பல்லடம்

அறுவை ஒன்றேதான். பெட்டைக்குச் சினைப்பைகளையும் கருப்பையையும் எடுப்பது, கடுவனுக்கு விதைகளை எடுப்பது. ஒரே நாளில் பல விலங்குகளுக்கு வரிசையாகச் செய்வதால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறைகிறது. பல இடங்களில் அரசோ அறக்கட்டளையோ ஒரு பகுதியை ஏற்கிறது. பழகிய கையாகவும் இருக்கும்.

குறைவது வேறு இடத்தில். விரிவான ரத்தப் பரிசோதனை, இரவு தங்கவைத்துப் பார்ப்பது, மறுநாள் தொலைபேசியில் விசாரிப்பது இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. நோயைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவரும், வீட்டில் நர்ஸாக இருக்க வேண்டியவரும் நீங்கள்தான். அதை ஏற்றுக்கொண்டால் மலிவு முகாம் நல்ல வழி.

பதிவு செய்யும்போதே கேளுங்கள்: கட்டணத்தில் மயக்க மருந்து, வலி ஊசி, புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்தியா? சினையாக இருந்தாலோ விதை இறங்காமல் இருந்தாலோ கூடுதல் தொகை உண்டா? இரவில் ரத்தம் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள். ஊர்க் கால்நடை மருந்தகத்திலும், நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்களிலும் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணி ஓயாது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கலக்கி ஊற்றிவிட்டுக் கூட்டிப்போகலாமா?
வாசகர், கரூர்

கூடாது. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் கருத்தடையின்போது ரத்தம் நிற்காமல் போவதற்கு உண்ணிக் காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம்.

எர்லிச்சியா, பபேசியா என்ற கிருமிகளை உண்ணிதான் பரப்புகிறது. எர்லிச்சியா, ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகளைக் குறைக்கும். பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். நாய் வெளியே நன்றாகத்தான் இருக்கும், கொஞ்சம் மந்தமாக, அவ்வளவுதான். அறுவை மேசையில் போட்டபிறகு வெட்டிய இடமெல்லாம் கசியும். நாயின் ரத்தத்தட்டு சாதாரணமாக 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். அது வெகுவாகக் குறைந்திருந்தால் எந்த மருத்துவரும் கத்தி வைக்க யோசிப்பார்.

அதனால் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலும், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும், மூக்கில் ரத்தம் வந்திருந்தாலும், சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலும் முகாமுக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். மலிவு முகாமில் அதைச் செய்யாவிட்டால் வெளியில் செய்துகொள்ளுங்கள். உண்ணி அதிகம் ஏறும் நாய்க்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், இந்த ஒரு செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். காய்ச்சல் உறுதியானால் சிகிச்சை முடித்து, மறுபரிசோதனை சரியாக வந்தபிறகே அறுவை.

மாட்டு மருந்து விஷயம். உண்ணிக்குப் பயன்படும் அமிட்ராஸ், சைலசினைப் போலவே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். இரண்டும் ஒன்று சேர்ந்தால் மயக்கம் ஆழமாகிவிடும். நாய்க்கென்று மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தோ மாத்திரையோ போதும். போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். ஊற்றிய நாயோடு உரசிப் படுத்தாலே ஆபத்து.

கேள்வி: நாய் இப்போதுதான் பருவத்துக்கு வந்து ரத்தம் கசிகிறது. முகாம் தேதியை விட்டால் மறுபடி கிடைக்காது. போகலாமா?
வாசகி, பொள்ளாச்சி

தேதியை விட்டுவிடுங்கள். பருவ காலத்தில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் பெருகியிருக்கும். திசுவும் ஊறிய காகிதம்போல எளிதில் கிழியும். ரத்தம் வந்த முதல் நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் கட்டிவைத்து, கடுவன் நெருங்காமல் பாருங்கள். அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது. அந்த இடைவெளியில், குறிப்பாக நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள், நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, பின்புறம் சீழ் வந்தாலோ காத்திருக்காதீர்கள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது அவசர அறுவை. முகாம் வேலை அல்ல.

குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாயானால், குட்டிகள் பால் மறந்து, மடி வற்ற இரண்டு மூன்று வாரம் விடுங்கள். சினையாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். கடைசி நாட்களில் அறுவையின் சிக்கல் கூடும். இன்னும் பருவத்துக்கே வராத பெட்டைக்கு ஆறு மாத வாக்கில் செய்தால் பின்னாளில் மடியில் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. லாப்ரடார் போன்ற பெரிய ஜாதிகளுக்கு எலும்பு வளர்ச்சியைப் பார்த்து மருத்துவர் தள்ளிப்போடச் சொல்வார். அதைக் கேளுங்கள்.

கேள்வி: பூனையைக் கட்டைப்பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோவது வழக்கம். ஆபரேஷனுக்கும் அப்படிப் போகலாமா?
வாசகர், அந்தியூர்

போகும்போது தப்பி ஓடும், வரும்போது மூச்சு முட்டும். மயக்கம் தெளியாத பூனை பைக்குள் கழுத்து மடங்கிக் கிடந்தால் காற்று போகாது. கூண்டு இல்லாவிட்டால், சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து நான்கு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே பழைய துண்டு, மேலே மெல்லிய துணி. ஒரு கிரேட்டுக்கு ஒரு பூனை. நான்கு நாள் முன்பே அதை வீட்டில் திறந்துவைத்து உள்ளேயே சோறு வையுங்கள். அன்று காலை துரத்திப் பிடிக்கும் வேலை இருக்காது. பயந்து போராடிய பூனைக்கு மயக்க மருந்து அதிகம் தேவைப்படும்.

முதல் நாள் மாலையே வீட்டுக்குள் அடைத்துவிடுங்கள். ஊர் சுற்றப் போன பூனை முகாம் நேரத்துக்கு வராது.

கேள்வி: தடுப்பூசி, பூச்சி மருந்து, குளிப்பாட்டுவது எல்லாம் எப்போது?
வாசகி, திருச்செங்கோடு

தடுப்பூசி குறைந்தது இரண்டு வாரம் முன்பு. பல விலங்குகள் கூடும் இடத்தில் பார்வோ வைரஸ் எளிதில் தொற்றும். குடற்புழு மருந்து ஒரு வாரம் பத்து நாள் முன்பு. குளியல் இரண்டு நாள் முன்பு, ஏனென்றால் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீரே படக்கூடாது. எண்ணெய், பவுடர் பூசாதீர்கள். எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். மயக்க மருந்து கிலோக் கணக்கில்தான் போடுவார்கள். பக் போன்ற தட்டை மூக்கு நாயா, சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டை நாயா என்பதையும் பதிவின்போதே சொல்லுங்கள். முதல் வகைக்கு மயக்கம் தெளியும்போது மூச்சுச் சிரமம் வரும். இரண்டாம் வகைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: கடுவன் நாய்க்கு ஒரு விதைதான் தெரிகிறது. அறுத்துவிட்டால் காவல் குணமும் போய்விடுமாமே?
வாசகர், சூலூர்

போகாது. குலைப்பதும் எல்லை காப்பதும் பழக்கத்திலும் பிறவியிலும் வருவது. பெட்டை தேடி ஊர் தாண்டி ஓடுவதும் அதனால் வரும் சண்டையும்தான் குறையும். ஆறு மாதத்துக்குப் பிறகும் இறங்காத விதை வயிற்றிலோ தொடைச் சந்திலோ தங்கியிருக்கும். பிற்காலத்தில் புற்றுக் கட்டி ஆகக்கூடியது. ஆகவே அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். இது பெரிய அறுவை, முகாமில் செய்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபிறகு புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைக்கலாமுங்களா? என்னென்ன பார்க்க வேண்டும்?
வாசகி, பெருந்துறை

இரண்டும் வேண்டாம். மஞ்சள்தூள் தையல் இடுக்கில் படிந்து மண்போல நிற்கும், கசிவையும் மறைத்துவிடும். எண்ணெய் வாசத்துக்கு நாய் நக்கும். மருத்துவர் கொடுத்ததைத் தவிர எதுவும் புண்ணில் படவேண்டாம். உலர்ந்திருந்தால் தானே ஆறும்.

முதல் இரவு. தரையில் சாக்கு விரித்து, அதன்மேல் துணி போட்டு, கழுத்து நேராக இருக்கும்படி பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கட்டில், திண்ணை, மாடிப்படி ஆகாது. மயக்கத்தில் இருக்கும் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. மார்கழிக் குளிரில் போர்த்துங்கள், சித்திரை வெயிலில் காற்றோட்டம் கொடுங்கள். தலை தூக்கி, தள்ளாடாமல் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். பிறகு சிறிது தண்ணீர், அது தங்கினால் வழக்கத்தில் கால் பங்கு சோறு. ஊளையிடுவதும் நடுங்குவதும் மயக்கம் தெளியும்போது இருப்பதுதான். கூட இருக்கும் மற்ற நாய்களையும் குழந்தைகளையும் விலக்கிவையுங்கள். கிணறு, வாய்க்கால் இருக்கும் தோட்டத்தில் அவிழ்த்தே விடக்கூடாது.

அடுத்த பத்து நாள் நக்கவிடாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. தையல் பிரிவதற்கு முதல் காரணம் நாக்கு. பிரிந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். கூம்பு கிடைக்காவிட்டால் குழந்தையின் பழைய பனியனில் கால் விட்டு முதுகில் முடிச்சுப் போடுங்கள். ஈரமானால் மாற்றுங்கள். பூனைக்குப் பத்து நாள் மணல் தட்டு வேண்டாம். கிழித்த செய்தித்தாள் போதும், மணல் புண்ணில் ஒட்டும்.

காலை மாலை புண்ணைப் பார்த்து, அலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் தெரியும். லேசான வீக்கம், முதல் நாள் ஓரிரு சொட்டு ரத்தம் சகஜம். ரத்தம் தொடர்ந்து சொட்டினாலும், ஈறு வெளுத்து வயிறு உப்பினாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நாற்றம், சீழ், தையலுக்கடியில் புடைப்பு, 24 மணி நேரமாகியும் சாப்பிடாதது இவற்றுக்கு அன்றைக்கே காட்டுங்கள்.

வலிக்கு மனித மாத்திரை ஒன்றுகூட வேண்டாம். பாராசிட்டமால் அரை மாத்திரை பூனையைக் கொல்லும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: தெருவில் சோறு வைக்கும் நாய்களுக்கும் இப்படிச் செய்யலாமா?
வாசகர், நாமக்கல்

தெரு நாய்களுக்கான பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு உரியது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி கருத்தடையோடு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, காதில் அடையாள வெட்டுப் போடுகிறார்கள். அந்த வெட்டு இருக்கும் நாயைக் கருத்தடைக்காக மறுபடி பிடிக்கத் தேவையில்லை. நீங்கள் செய்யக்கூடியது: தினமும் ஒரே நேரத்தில் சோறு வைத்துப் பழக்குங்கள், முந்தின இரவு நிறுத்துங்கள், மடியில் பால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பால் கட்டிய நாயைப் பிடித்துப்போனால் எங்கோ ஒரு சாக்கடைக் குழாயில் குட்டிகள் பட்டினியில் சாகும்.

கேள்வி: கடுவனுக்குச் செய்துவிட்டோம். உடனே பெட்டையோடு சேர்த்துவிடலாமா?
வாசகர், தாராபுரம்

ஆறு வாரம் பிரித்தே வையுங்கள். குழாய்களில் மீதமிருக்கும் விந்தால் அதுவரை சினையாக்க முடியும். சாப்பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். அறுவைக்குப் பிறகு பசி கூடும், செலவாகும் சக்தி குறையும்.