பத்திரிகை வேலை சோறு போடுமா, அண்ணாச்சி?

ப்ளஸ் டூ முடிக்கப்போகும் மகள் நிருபராகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள். "நம்ம திருநெல்வேலிப் பக்கத்துல யாரு இந்த வேலைக்குப் போறா" என்றும் ஒரு வரி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எட்டயபுரத்துப் பாரதி 1904இல் சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியர். 1934இல் தொடங்கிய தினமணிக்கு முதல் ஆசிரியர் தென்காசி டி.எஸ். சொக்கலிங்கம். தினத்தந்தியைத் தொடங்கிய ஆதித்தனாருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழி. நம்ம பக்கத்து ஆட்கள்தான் அண்ணாச்சி நிறையப் போயிருக்கிறார்கள்.

உங்கள் பயம் வருமானம் பற்றியது. அது நியாயமான பயம். எனக்குத் தெரிந்த மூத்த நிருபர் ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கம் பகுதிநேர நிருபராகத் தொடங்கியவர். செய்தியை எழுதிக் கவரில் போட்டுக் கடைசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. விளம்பரமும் பிடித்துத் தரவேண்டும். நிரந்தர வேலை கிடைக்க ஆறு வருஷம் ஆயிற்று. அதுவரை வீட்டைத் தாங்கியது டீச்சராக இருந்த அவர் மனைவியின் சம்பளம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்த அக்கா சிரிக்கமாட்டார்.

ஆனால் அவர் வேலை பார்த்த விதத்தை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். பாபநாசம் அணை நீர்மட்டம் தினமும் பேப்பரில் பெட்டியாக வரும், பார்த்திருப்பீர்கள். 143 அடி அணையில் இன்றைக்கு இத்தனை அடி என்று யாரும் எழுதிவிடலாம். இவர் அதோடு விடமாட்டார். கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்களா, திறந்தால் பாளையங்கால்வாய்க் கடைமடை வரை எட்டுமா என்று நாலு விவசாயிகளையும் பொதுப்பணித் துறை ஆட்களையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மற்றவர்கள் பிரஸ் நோட்டுக்குக் காத்திருக்க, இவர் வரிசையில் நிற்கிறவர்கள் கையிலிருக்கும் மனுவை வாங்கிப் படித்துக்கொண்டிருப்பார்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்போது அவர் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். எந்தத் தாம்போதி (தரைப்பாலம்) முதலில் முங்கும், எந்தத் தெருவுக்கு எந்தப் பக்கமாகப் போகலாம் என்று இளம் நிருபர்கள் அவருக்குத்தான் போன் போட்டார்கள். முப்பது வருஷம் ஆற்றங்கரை ஊர்களில் அலைந்தவருக்கு அதற்கெல்லாம் குறிப்பேடு தேவைப்படவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். பட்டப்படிப்பிலேயே இதழியல் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. பொருளாதாரமோ வணிகவியலோ படிக்கட்டும், முடிந்தால் சட்டம். பட்ஜெட்டும் தீர்ப்பும் வாசித்துப் புரிகிற நிருபர்கள் குறைவு. நாளைக்கு இந்த வேலை சரிப்படாவிட்டாலும் கையில் வேறொரு தொழில் இருக்கும். அப்புறம் முதுகலையில் இதழியலுக்கு வரலாம். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் பட்டப்படிப்புக்குப் பிறகான ஓராண்டுப் படிப்பு உண்டு. கட்டணத்தை விசாரித்துவிட்டு ஆசை காட்டுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சட்டென்று மாற்றி எழுதப் பழகினால், ஆபீசில் உட்கார்ந்து செய்தியைத் திருத்தி எழுதும் டெஸ்க் வேலைக்கும் போகலாம். அங்கே ராத்திரி ஷிப்ட் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கே சேர்ந்தாலும் நியமனக் கடிதமும் பி.எஃப்.பும் உண்டா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

பரீட்சை முடிந்ததும் ஒரு திங்கட்கிழமை மகளைக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் வெளியே டீக்கடையில் இருந்துகொள்ளுங்கள், கூடவே நிற்காதீர்கள். அவள் மனுக்கொடுக்க வந்த மூன்று பேரிடம் பேசி, ஊர், பெயர், தேதி தப்பாமல் இருபது வரி எழுதட்டும். அடுத்த வாரம் அதே மூன்று பேரையும் மறுபடி தேடிப்போய், மனு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதட்டும். இரண்டு தாளையும் எனக்கு அனுப்புங்கள். நான் முதலில் வாசிக்கப்போவது இரண்டாவது தாளைத்தான்.