பாரசீக மொழி தன் எழுத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் பாரசீகத்தை எழுதும் அரபி எழுத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை இருக்கிறது, நானே பட்டிருக்கிறேன். ஆனால் அதை விட்டு ரோமன் எழுத்துக்குப் போனால் தீரும் சிக்கல் சிறியது, இழப்பது மிகப் பெரியது. துபாயில் ஈரானியரோடும் ஆப்கானியரோடும் பல வருடம் வேலை பார்த்து, அவர்களிடமே பாரசீகம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குறையை முதலில் பேசிவிடலாம். ஈரானியப் பாரசீகத்தில் உயிர் ஒலிகள் ஆறு. நம் கணக்கில் மூன்று நெடில், மூன்று குறில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடிலை எழுதுவார்கள், குறிலைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். காஃப், ரே, மீம் என்று மூன்று எழுத்து எழுதியிருந்தால் அது புழுவைக் குறிக்கும் 'கெர்ம்' ஆகவும் இருக்கலாம், கொடைக்குணத்தைக் குறிக்கும் 'கரம்' ஆகவும் இருக்கலாம், முகத்தில் பூசும் க்ரீமான 'கெரெம்' ஆகவும் இருக்கலாம். செடியில் கண்டதா, கடையில் வாங்கியதா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அப்புறம், இசட் ஒலி ஒன்றுதான், அதற்கு எழுத்து நான்கு. 'ஸ'வுக்கு மூன்று. அரபியில் இவை வெவ்வேறு ஒலிகள். பாரசீகத்துக்கு வந்தபோது ஒலி கரைந்து எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஈரான் பள்ளிகளில் 'எம்லா' என்று சொல்வதெழுதுதலைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த எழுத்துகளில்தான்.

இந்தப் புகார் புதிதும் இல்லை. அசர்பைஜான் எழுத்தாளர் மிர்சா ஃபத்அலி ஆகுந்த்சாதே 1857இலேயே எழுத்துச் சீர்திருத்தத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். 1863இல் அதை இஸ்தான்புல் வரை கொண்டுபோனார், ஏற்கப்படவில்லை. ஈரானியச் சீர்திருத்தவாதி மல்கம் கான், ஒன்றோடொன்று ஒட்டி எழுதும் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, பாரசீகக் கவிஞர் சாதியின் 'குலிஸ்தான்' நூலை 1885இல் லண்டனில் அச்சிட்டே காட்டினார். பின்பற்ற ஆள் இல்லை.

அரபி எழுத்தை விட்டு ரோமனுக்கு மாற துருக்கியால் 1928இல் முடிந்ததே, ஈரானால் ஏன் முடியாது என்று கேட்பார்கள். துருக்கிய மொழிக்கு எட்டு உயிர் ஒலிகள். அரபி எழுத்து அதற்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அன்று அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் மிகக் குறைவு. அப்படியிருந்தும் கொடுத்த விலை சாதாரணமானதல்ல: 1927இல் துருக்கியின் முதல் அதிபர் அதாதுர்க் ஆற்றிய புகழ்பெற்ற நீண்ட உரை முதலில் பழைய எழுத்தில்தான் அச்சானது, இன்றைய துருக்கிய மாணவரிடம் அந்த முதல் பதிப்பைக் கொடுத்தால், பழைய எழுத்தைத் தனியாகக் கற்றிருந்தால் ஒழியப் படிக்க முடியாது. இன்றைய ஈரானில் பெரும்பாலோர் படித்தவர்கள். எழுத்தை மாற்றினால் அத்தனை பேரையும் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பொருத்தமான உதாரணம் பாரசீக உலகத்துக்குள்ளேயே இருக்கிறது. தஜிகிஸ்தானில் பேசுவதும் பாரசீகம்தான். சோவியத் ஆட்சியில் 1920களின் கடைசியில் ரோமனுக்கு மாற்றினார்கள், 1940இல் ரஷ்ய மொழி எழுதும் சிரிலிக் எழுத்துக்கு மாற்றினார்கள். எங்கள் அலுவலகத்தில் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேக்காரர் ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டில் ஈரானியரோடும் காபூல்காரரோடும் சகஜமாகப் பேசுவார். ஒருநாள் ஈரானிய நண்பர் ஃபோனில் பழைய பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கஸல் பாட்டு ஒன்றைக் காட்டினார். காபூல்காரர் எட்டிப் பார்த்துப் படித்துத் தலையாட்டினார். தஜிக்காரர் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். ஈரானியர் முதல் அடியை வாய்விட்டுப் படித்ததும் அடுத்த அடியைச் சொன்னது அந்தத் தஜிக்காரர்தான். பாட்டு முழுக்க அவருக்கு மனப்பாடம். பாரசீகக் கவிதைக்குத் தந்தை என்று போற்றப்படும் ருதகி பிறந்ததே இன்றைய தஜிகிஸ்தான் மண்ணில்தான் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அங்கே செவ்விலக்கியங்களைச் சிரிலிக்கில் அச்சிட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் தெஹ்ரானில் இன்று காலை வந்த செய்தியை யார் அவர்களுக்கு மாற்றி எழுதிக் கொடுப்பது? பழைய எழுத்துக்குப் படிப்படியாகத் திரும்பலாம் என்று 1989இல் சட்டத்திலேயே எழுதினார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. சிரிலிக் இன்றும் நிற்கிறது.

குறிலை எழுதாதது குறை என்றேன் அல்லவா, அதிலேயே ஒரு பலமும் இருக்கிறது. புத்தகம் தெஹ்ரானில் 'கெத்தாப்', காபூலில் 'கித்தாப்'. நெடிலிலும் இந்த நெகிழ்வு உண்டு: ஈரானியர் சிங்கத்தையும் பாலையும் 'ஷீர்' என்பார்கள். காபூலில் பால் 'ஷீர்', சிங்கம் 'ஷேர்'. இரண்டு ஊரிலும் எழுதுவது ஒரே மாதிரி. ரோமனுக்குப் போனால் எந்த ஊர் உச்சரிப்பை எழுதுவது? தெஹ்ரான் பேச்சையே எழுதிவிட்டு, ஆப்கானியரைப் பார்த்து உங்கள் மொழி பிழை என்று சொல்வதா?

அரபி எழுத்து அந்நியம், தூக்கி எறிய வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். இஸ்லாத்துக்கு முந்தைய பஹ்லவி எழுத்தும் மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்தின் எழுத்திலிருந்து வந்ததுதான். அதில் 'மல்கா' என்று அரமேயச் சொல்லை எழுதிவிட்டு 'ஷாஹ்' என்று வாசிப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் இன்றைய எழுத்து எவ்வளவோ தேவலை. அரபியில் இல்லாத ஒலிகளுக்காக நான்கு எழுத்துகளைச் சேர்த்து, ஆயிரம் வருடத்துக்கும் மேலாகப் புழங்கித் தங்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். நம் கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம்களும் தமிழ் ஒலிகளுக்கு எழுத்து சேர்த்துத்தான், அரபி எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழை எழுதினார்கள்.

சரி செய்ய வேண்டியவை வேறு. குறிலுக்கான குறிகள் இந்த எழுத்திலேயே இருக்கின்றன, ஈரானின் முதல் வகுப்புப் பாடநூலில் போடவும் செய்கிறார்கள். மேல் வகுப்புகளிலும் பொருள் மயங்கும் இடத்தில் போடலாம். கணினியில் வேறு தொல்லை. அரபி 'யே'யும் பாரசீக 'யே'யும் யூனிகோடில் வேறு வேறு எழுத்துகள். சொல்லின் நடுவில் வந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வாடிக்கையாளர் பெயரை ஒருவர் ஒன்றில் பதிந்திருப்பார், நான் இன்னொன்றில் தேடுவேன், 'இல்லை' என்று வரும். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளில் நாலு வரி எழுதினால் தீர்ந்தது.

நீங்கள் பாரசீகம் கற்க நினைத்து, எழுத்தைப் பார்த்துத் தயங்கித்தான் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்றால், ரோமனில் எழுதிய பாடங்களில் தொடங்காதீர்கள். குறிகள் போட்ட அந்த முதல் வகுப்பு நூலில் தொடங்குங்கள். சொற்கள் பழகப் பழகக் குறி இல்லாமலே வாசிக்க வந்துவிடும்.