கதை நோட்டை ஏன் மறைக்கிறீர்கள்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. குமாரபாளையத்தில் மாமனார், மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். பி.ஏ. தமிழ் படித்தபோது கல்லூரி மலரில் கதை எழுதுவேன். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. ஊரடங்கு சமயத்தில் எப்படியோ திரும்பவும் கை அரித்தது. இதுவரை இரண்டு கதைகள் சிறுபத்திரிகையில் வந்திருக்கின்றன. அந்த இதழ்கள் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் முன்னறை, ஒரு படுக்கையறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். மாமாவுக்குக் காது மந்தம் என்பதால் டிவி எப்போதும் உச்ச சத்தத்தில் ஓடும். சாயங்காலம் ஆனால் அத்தைக்குத் தொடர்கள். சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர்களின் தறிக்கூடம். ஆச்சரியம் என்னவென்றால், தறிச் சத்தம் என்னை ஒன்றும் செய்வதில்லை. அது ஓட ஓட எழுதிவிடுவேன். பத்து வரி போவதற்குள், “கண்ணு, மாமாவோட மாத்திரை எங்க வெச்சே?”, “அம்மா, கிராஃப் நோட்டக் காணோம்”, “தண்ணி வந்துருச்சு, மோட்டார் போடு” என்று வரிசையாகக் குரல் வரும். போய்விட்டு வந்தால் அந்த வரி எங்கே போக இருந்தது என்பதே மறந்திருக்கும்.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வீடு கொஞ்சம் அடங்கும். ஆனால் அப்போது நோட்டை எடுத்தால், மடிக்காத துணியும் ஊறப்போடாத அரிசியும்தான் கண்முன் நிற்கின்றன. அதனால் எல்லோரும் தூங்கியபின் இரவு பதினொன்றரைக்குமேல் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் ஐந்தரைக்கு எழ வேண்டும். இப்போதெல்லாம் தினமும் தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

யாராவது வந்தால் மகளிர் குழுக் கணக்கு நோட்டைக் கதை நோட்டின்மேல் வைத்துக்கொள்வேன் (எங்கள் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன்). கணக்கு எழுதும்போது மட்டும் அத்தை, “அம்மா கணக்குப் பாக்கறா, சத்தம் போடாதீங்க” என்று பிள்ளைகளை அதட்டுவார். போன மாதம் வந்த சொந்தக்காரர்களிடம் என் கணவர், “அவ எதையாச்சும் கிறுக்கிட்டிருப்பா” என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பேனாவைத் தொட்டாலே அந்தச் சிரிப்புதான் கேட்கிறது. எனக்கு அமைதியான ஒரு மணி நேரம் கிடைக்க என்ன வழி? இப்படிக் கேட்பதே சுயநலமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். தறிச் சத்தம் தொந்தரவு செய்வதில்லை என்றது ஒன்று. கணக்கு எழுதும்போது அத்தை வீட்டையே அதட்டி அடக்குகிறார் என்றது இன்னொன்று.

தறி பேசுவதில்லை. சொல் இல்லாத, ஒரே சீரான ஓசையை மனம் கொஞ்ச நேரத்தில் பின்னுக்குத் தள்ளிவிடும். புரிகிற பேச்சை அப்படித் தள்ள முடியாது. நீங்கள் வாக்கியம் கோக்கும் அதே இடத்தில் டிவித் தொடரின் வசனமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூப்பிடும் குரல் இன்னும் ஒரு படி மேலே, அதற்கு நீங்கள் எழுந்தே ஆக வேண்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். மாத்திரை தேடும்போது மனம் கதையிலும், கதைக்குத் திரும்பியபின் மாத்திரையிலும் இருப்பது இதனால்தான். உங்கள் ஞாபகசக்தியில் குறை எதுவும் இல்லை. எழுந்து போகுமுன் அடுத்து என்ன வரும் என்று நாலு சொல் கிறுக்கிவைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து பிடிப்பது சுலபமாக இருக்கும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது நிசப்தம் இல்லை. யாரும் கூப்பிடாத நேரம். அதைத் தரத் தெரியாத வீடும் இல்லை உங்களுடையது. கணக்கு நோட்டுக்கு ஏற்கெனவே தந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்கு ஒரு வேலை என்று அத்தைக்குத் தெரியும். கதையும் ஒரு வேலை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நீங்களே அதைக் கணக்கு நோட்டுக்குக் கீழே தள்ளிவிடுகிறீர்கள்.

துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா இரவில் குளியலறையில் ஒளிந்து எழுதியதை நீங்கள் அறிந்திருக்கலாம். “அவரே எழுதவில்லையா?” என்று உங்களைப் போன்றவர்களிடம் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதவே கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்கள் வீட்டில் யாரும் எழுதாதே என்று சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. நீங்கள் கேட்டதாகவும் இல்லை. கேட்டுப் பார்க்காமலே நள்ளிரவுக்கு ஒதுங்கியிருக்கிறீர்கள்.

அந்த நள்ளிரவை முதலில் நிறுத்துங்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுது என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். இருப்பதே ஆறு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம். எரிச்சலுக்கும் தலைவலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தூக்கம் சரியாகி இரண்டு வாரமாகியும் தலைவலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனம் ரொம்பச் சோர்ந்துபோனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மிச்சமிருப்பது மதியம் இரண்டு மணி. அப்போது உங்களை வெளியிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை, துணிதான் கூப்பிடுகிறது. சுயநலமா என்று கேட்டீர்கள். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 289 நிமிடத்தை அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். எப்போது கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டியபடி நீங்கள் இருக்கும் நேரம் அந்த 289-இல் சேராது. துணி நாலரைக்கு மடிபடட்டும். அதை மடிக்க இன்னும் இரண்டு சிறு கைகளும் இரண்டு பெரிய கைகளும் வீட்டில் இருக்கின்றன.

வாரத்தில் இரண்டு கிழமை போதும், ஆனால் எந்தக் கிழமை என்பதில் மாற்றம் வேண்டாம். முன்னறையிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காருங்கள். “அத்தை, செவ்வாயும் வெள்ளியும் ரெண்டுலிருந்து மூணு வரைக்கும் நான் கதை எழுதணும். கணக்கு எழுதும்போது பாத்துக்கற மாதிரி பாத்துக்கங்க” என்று சொல்லுங்கள். ‘கதை’ என்ற சொல்லை விழுங்காதீர்கள். மாத்திரை டப்பா டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மோட்டார் சுவிட்ச் எட்டுகிற பிள்ளை வீட்டில் இருக்கும்போது அது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. முதல் சில வாரம் மறந்துபோய்க் கூப்பிடத்தான் செய்வார்கள். “மூணு மணிக்கு வர்றேன்” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிப் பழகுங்கள். அத்தை முகம் சுளிக்கவும் கூடும். அதற்காக அடுத்த செவ்வாயை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கணவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்தது குறைவு. பிரசுரமான கதைகளை அவர் படித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. புடவைக்கு அடியில் இருப்பதைப் பார்த்தால் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஒரு இதழை எடுத்து அவர் கையில் கொடுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் சொன்ன அந்தச் சொல் எப்படி வலித்தது என்பதைத் தனியாக இருக்கும்போது, சண்டையில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். அவர் கதையைப் படித்துப் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை. படித்துவிட்டுச் சொன்ன கருத்தோடு உங்களால் வாதாட முடியும்.