ஆழக் கப்பலைப் பார்க்கக் கட்டும் பணத்தில் மேலே வருவதற்கு எவ்வளவு?

கேள்வி: என்னிடம் 30 மீட்டர் வரை இறங்குவதற்கான ஸ்கூபா சான்றிதழ் இருக்கிறது. மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கு அழைத்துப் போவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. 50 மீட்டர் ஆழம், ஆளுக்கு 11 லிட்டர் சிலிண்டர் ஒன்று, கூடவே ஒரு வழிகாட்டி. “தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஏறிவிடலாம், வழியில் நின்று வரத் தேவையில்லை” என்கிறார்கள். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் மொத்தம் 2,200 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவர் என்று உங்களை வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் அழுத்தம் 6 பார். அங்கே அதே மூச்சுக்கு நிமிடத்துக்கு 120 லிட்டர் போகும். இறங்கும் 3 நிமிடங்களில் ஏறத்தாழ 210 லிட்டர் தீர்ந்து, அடியைத் தொடும்போது சிலிண்டரின் அழுத்தமானியில் 180 பார் காட்டும். பார்க்க நிறைய இருப்பதுபோலத்தான் தோன்றும்.

இப்போது உங்களோடு இறங்கிய துணைவரின் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி, பழுதாகிறது. இருவரும் உங்கள் சிலிண்டரிலேயே மூச்சு வாங்க வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். நிலைமையைச் சமாளிக்க அடியில் ஒரு நிமிடம்: 360 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற 5 நிமிடம்: 1,125 லிட்டர். அங்கே, உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற, 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 270 லிட்டர். கூட்டினால் 1,755 லிட்டர். அதாவது 160 பார். ஆக, அந்த 180 பாரில் 160 பார் உங்கள் இருவரையும் உயிரோடு மேலே கொண்டுவர ஒதுக்கி வைக்க வேண்டியது. கப்பலைப் பார்க்க மிஞ்சுவது 20 பார், இரண்டு நிமிடம்கூட வராது. நீங்கள் கட்டப்போகும் பணம் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். அதற்கு மேல் அடியில் தங்கினால், அந்த நேரம் துணைவரின் பங்கிலிருந்து எடுத்ததாகிவிடும்.

காற்றோடு முடிந்துவிடவில்லை. 50 மீட்டரில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மயக்கம் தரும். அழுத்தத்தில் அடர்ந்துபோன காற்றை நெஞ்சு இழுத்துத் தள்ளவும் சிரமப்படும். கரியமில வாயு உடலில் தேங்கும். அந்த நிலையில் மானியைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். நிறுத்தமே இல்லாமல் ஏறக்கூடிய அவகாசம் அந்த ஆழத்தில் சில நிமிடங்கள்தான். கப்பலைச் சுற்றிவரும் ஆசையில் அது எப்போது தாண்டியது என்றே தெரியாது.

ஹெர்மிஸ், விமானம் தாங்கிக் கப்பலாகவே முதன்முதலில் வடிவமைக்கப்பட்ட கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது 307 பேர் இறந்தார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் உயரமான பகுதியே 40 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்குப் பயிற்சி அமைப்புகள் பொதுவாக வைத்திருக்கும் எல்லையும் அந்த 40 மீட்டர்தான். அதைத் தாண்டுவதற்கு அழுத்தக் குறைப்பு முறைகளில், அதாவது ஏறும் வழியில் கணக்கிட்டு நின்று நின்று வருவதில், தனிப் பயிற்சி, முதுகில் இரட்டைச் சிலிண்டர், நிறுத்தங்களுக்கென்று பக்கவாட்டில் தொங்கும் இன்னொரு சிலிண்டர், படகில் ஆக்சிஜன் எல்லாம் வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் விலை மலிவாகும். உங்களிடம் சொல்லப்பட்ட விலை மலிவாக இருந்தால், அதற்குக் காரணமும் இதுதான்.

இந்தப் பருவத்திலேயே ஒரு போர்க்காலக் கப்பலைப் பார்க்க வேண்டுமென்றால், அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு அருகே 24 மீட்டர் அளவில் கிடக்கிறது. உங்கள் சான்றிதழுக்கு அது பொருந்தும்.

கேள்வி: அழுத்தக் குறைப்புப் பயிற்சி முடித்துவிட்டேன். ஆழத்தையும் நேரத்தையும் வைத்து எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். “ஆழமான நிறுத்தம்” வசதி உள்ளதைக் கூடுதல் பாதுகாப்பு என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த வசதிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஏறும்போது முதல் நிறுத்தத்தை மிக ஆழத்திலேயே போட்டால் உடலில் நைட்ரஜன் குமிழிகள் உருவாகாமல் தடுக்கலாம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு அதை நேரடியாகவே பரிசோதித்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. ஆழம் 170 அடி, அதாவது ஏறத்தாழ 52 மீட்டர். உங்கள் ஹெர்மிஸ் ஆழமேதான். அடியில் 30 நிமிடம். மொத்த நிறுத்த நேரம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஒரு தரப்புக்கு அதில் கூடுதல் நேரம் ஆழத்தில், மறு தரப்புக்கு மேல்மட்டத்தில். ஆழத்தில் நின்றவர்களிடம், அந்தக் குமிழிகளால் வரும் பெண்ட்ஸ் நோய் மூன்று மடங்குக்கும் அதிகமாக வந்தது. ஆழத்தில் நிற்கும் நேரத்தில் நைட்ரஜனை மெதுவாக ஏற்கும் உடல் திசுக்கள் இன்னும் அதை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன என்பதுதான் விளக்கம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை வேறு. அடியில் சுவாசிக்கும் வாயுக் கலவையையும் நிறுத்தத்தில் சுவாசிக்கும் கலவையையும் இரண்டாகப் பதிந்து, நீருக்குள்ளேயே மாற்ற முடியுமா? பல மலிவான மாடல்கள் ஒரே கலவையோடு நின்றுவிடும். எந்தக் கணக்கீட்டு முறை, அதன் கண்டிப்பை நீங்களே கூட்டிக் குறைக்க முடியுமா? பூல்மான் என்ற கணக்கீட்டு முறையும், அதன் கண்டிப்பைக் கூட்டிக் குறைக்கும் ‘கிரேடியன்ட் ஃபேக்டர்’ அமைப்பும் இருந்தால், எண்கள் என்ன செய்கின்றன என்று உங்களுக்கே விளங்கும். நிறுத்தத்தைத் தவறவிட்டால் கருவி என்ன செய்யும்? சில மாடல்கள் கணக்குப் போடுவதை நிறுத்தி 24 அல்லது 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும். வழிகாட்டுதல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது மௌனமாகிவிடுகிறது. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழையது வாங்கினால் மின்கல அறையைத் திறந்து பாருங்கள். பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு தெரிந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. எந்த விலையானாலும் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரை இருவர் மாற்றி மாற்றிக் கட்டவும் கூடாது. அதன் நினைவில் இருப்பது முதலில் இறங்கியவரின் உடல்.

கேள்வி: நிறுத்தத்துக்கான 50 சதவீத ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுக்கிறேன். கடைக்காரர் அளந்து சீட்டு ஒட்டித் தருகிறார். அது போதாதா?

பதில்: போதாது. நீங்கள் கண்ணால் பார்க்கும்போது, உங்கள் கையால் அளக்க வேண்டும். 50 சதவீதக் கலவையை 21 மீட்டருக்கு மேலே வந்த பிறகே வாயில் வைக்கலாம். சுத்த ஆக்சிஜனை 6 மீட்டரில்தான். அதற்குக் கீழே போனால் ஆக்சிஜனே நஞ்சாகி, நீருக்குள் வலிப்பு வரும். வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் மூழ்கிச் சாவதுதான். இரு சிலிண்டர்களின் சீட்டுகள் மாறிப்போனால் கடைக்காரருக்கு அது ஒரு வருத்தம். உங்களுக்கு அதுவே முடிவு. அளந்த சதவீதம், அந்தக் கலவையைச் சுவாசிக்கக்கூடிய உச்ச ஆழம், தேதி, உங்கள் கையொப்பம் நான்கையும் பட்டையில் எழுதி, சிலிண்டரின் கழுத்திலும் பக்கத்திலும் ஒட்டுங்கள். உச்ச ஆழத்தைத் துணைவர் தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக எழுதுங்கள். அளக்கக் கருவி தர மறுக்கும் கடையில் வாடகைக்கு எதையும் எடுக்காதீர்கள்.

கேள்வி: நீருக்கடியிலிருந்து அனுப்பும் அடையாள மிதவை மலிவாக ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. போதுமா?

பதில்: அலையுள்ள கடலில் படகோட்டியின் கண்ணுக்கு அது எட்டாது. உயரமானதாக, கீழ்வாய் தானே மூடிக்கொள்வதாக, காற்றை வெளியேற்றும் வால்வோடு வாங்குங்கள். நங்கூரக் கயிற்றைத் தவறவிட்டு நீரோட்டத்தில் நிறுத்தம் போட வேண்டி வந்தால், படகு உங்களைப் பின்தொடர இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். கயிற்றுச் சுருளும் நிறுத்த ஆழத்தைவிட நன்றாக நீண்டிருக்க வேண்டும்.

கேள்வி: மட்டக்களப்பில் இறங்கிய மறுநாள் காலை விமானம். முன்பதிவை மாற்றினால் பணம் போகிறது. என்ன செய்வது?

பதில்: பணம் போகட்டும். அழுத்தக் குறைப்பு நிறுத்தங்களோடு இறங்கியவர் 18 மணி நேரத்தைவிட நன்றாகத் தள்ளியே பறக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 24 மணி நேரத்துக்குக் குறைய நான் சம்மதிக்க மாட்டேன். அந்த ஒரு நாளைக் கழிக்க நுவரெலியாவுக்குக் காரில் ஏறுவதையும் தவிருங்கள். 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் அது. காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குத் தரைவழியாகப் போனாலும் உடலுக்கு ஆபத்து அதேதான். கடற்கரையிலேயே தங்குங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். மூட்டில் வலியோ தோலில் அரிப்போ விரல்களில் மரத்துப்போதலோ வந்தால் அன்றே ஆக்சிஜனும் மருத்துவரும் வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சைக்கான காப்பீட்டை ஊரிலிருந்து புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள்.